பாதிப் பேர் வீட்டில், பாதிப் பேர் அலுவலகத்தில்: அணியாக இயங்குவது எப்படி?

இந்த மாதப் பேச்சுக்கு எடுத்துக்கொண்ட விடயம் நம்மில் பலருடைய வீட்டு மேசையிலேயே இருக்கிறது. செவ்வாய்க்கிழமை கணவர் நகர மத்தியிலுள்ள அலுவலகத்துக்குப் போகிறார். மனைவி சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியை விரித்து வைத்து வேலை செய்கிறார். புதன்கிழமை இது மாறுகிறது. ஒரே நிறுவனத்தின் ஒரே அணியில் சிலர் சிட்னியிலும், சிலர் மெல்பேர்ணிலும், வேறு சிலர் சென்னையிலோ கொழும்பிலோ இருக்கிறார்கள். இப்படிப் பிரிந்திருப்பவர்கள் ஒருவரையொருவர் நம்பி ஓர் அணியாக வேலை செய்வதற்கு என்ன வேண்டும் என்பதைப் பார்ப்போம்.

முதலில் சில எண்கள். 2016 குடிசன மதிப்பீட்டில், வேலை செய்வோரில் 100 பேருக்கு ஐந்து பேர் கூட வீட்டிலிருந்து வேலை செய்ததாகப் பதியவில்லை. 2021 ஓகஸ்ட் மாத மதிப்பீட்டில் அது 21 பேராக உயர்ந்தது. அப்போது சிட்னி முடக்கத்தில் இருந்தது. முடக்கம் நீங்கிய பிறகும் பழைய நிலை திரும்பவில்லை. 2024 ஓகஸ்டில் அவுஸ்திரேலியப் புள்ளிவிபரப் பணியகம் எடுத்த கணக்கில், வேலை செய்வோரில் 36 வீதமானோர் வழக்கமாக வீட்டிலிருந்தும் வேலை செய்தார்கள். ஆகவே இது தற்காலிக ஏற்பாடு என்று சொல்லித் தள்ளிவைக்கக்கூடிய விடயமல்ல.

ஆனால் மீதி 64 வீதத்தினரையும் மறந்துவிடக் கூடாது. 2021 யூன் 26 முதல் ஒக்டோபர் 11 வரை நீடித்த முடக்கத்தின்போது, மேய்ஸ் ஹில்லைச் சூழ்ந்த கம்பர்லாந்து, பரமட்டா பகுதிகளும் கடுமையான கட்டுப்பாடுகளுக்கு உள்ளாயின. அனுமதிக்கப்பட்ட தொழில்களைச் செய்வோர் மட்டுமே வேலைக்காகத் தங்கள் மாநகரசபை எல்லையைத் தாண்டலாம் என்ற நிலை இருந்தது. வெஸ்ட்மீட் மருத்துவமனையின் தாதியரும், களஞ்சிய ஊழியரும், முதியோர் இல்லப் பணியாளரும், பேருந்துச் சாரதிகளும் அன்றும் வெளியே போனார்கள், இன்றும் போகிறார்கள். ஒரே மருத்துவமனையில் கணக்குப் பிரிவினர் வாரத்தில் இரண்டு நாள் வீட்டில் இருக்க, வார்ட்டில் நிற்பவர்களுக்கு அந்த வாய்ப்பே இல்லை. இந்த வித்தியாசத்தை ஒளித்து வைக்காமல் பேசுகின்ற இடத்தில்தான் நல்ல அணி உருவாகும்.

தூரம் என்ன செய்கிறது?

‘கிட்ட உறவு முட்டப் பகை’ என்பார்கள். உறவுக்கு அது பொருந்தலாம். வேலைக்கு எதிர்மாறானது உண்மை. அமெரிக்காவின் மசாச்சுசெற்ஸ் தொழில்நுட்பக் கல்லூரியைச் சேர்ந்த பேராசிரியர் தொமஸ் அலன், பொறியியலாளர்கள் ஒருவரோடொருவர் எவ்வளவு பேசுகிறார்கள் என்று ஆராய்ந்து 1977 இல் ஒரு நூல் வெளியிட்டார். இரண்டு பேரின் மேசைகளுக்கு இடையே சில பத்து மீற்றர் தூரம் ஏற்பட்டாலே அவர்கள் பேசிக்கொள்வது சடுதியாகக் குறைந்துவிடுகிறது என்பது அவருடைய கண்டுபிடிப்பு. அதாவது வேறு மாடியில் இருப்பவரும் ஒரு வகையில் ‘தூரத்தில்’ இருப்பவர்தான். வீட்டிலிருந்து வேலை என்ற பேச்சு வருவதற்கு முன்பே இந்தப் பிரச்சினை இருந்தது.

மைக்ரோசொஃப்ட் நிறுவனத்தின் 61,000 இற்கும் மேற்பட்ட அமெரிக்க ஊழியர்களின் தொடர்புகளை ஆராய்ந்த ஓர் ஆய்வு 2021 இல் வெளிவந்தது. எல்லோரும் வீட்டுக்குப் போனபோது, தங்கள் சொந்தக் குழுவுக்குள் இருந்த தொடர்பு இறுகியது. பிற குழுக்களுடனான தொடர்பு மெலிந்தது. நேரில் பேசித் தீர்ப்பது குறைந்து, எழுதி அனுப்புவது கூடியது. வழக்கமாகப் பேசுபவர்களோடு தொடர்ந்து பேசுகிறோம். தேநீர் எடுக்கும் இடத்தில் தற்செயலாகச் சந்திக்கும் மற்றவர்களை இழந்துவிடுகிறோம். புதிய யோசனையும், அடுத்த வேலை பற்றிய தகவலும் பெரும்பாலும் அந்த மற்றவர்களிடமிருந்துதான் வருகின்றன.

மூன்றாவது, கண்ணில் படாமற் போவது. சீனாவின் சீட்ரிப் என்ற பயண நிறுவனத்தின் ஷங்காய் அழைப்பு நிலையத்தில் நடந்த ஒரு பரிசோதனையின் முடிவுகளை ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் நிக்கலஸ் புளூமும் சகாக்களும் 2015 இல் வெளியிட்டார்கள். விரும்பி முன்வந்தவர்களில் ஒரு பகுதியினர் ஒன்பது மாதங்கள், வாரத்தில் நான்கு நாள் வீட்டிலிருந்து வேலை செய்தார்கள். அவர்களுடைய வேலைத்திறன் 13 வீதம் கூடியது. வேலையை விட்டு விலகுவோர் தொகை பாதியாகக் குறைந்தது. ஆனால் அதே அளவு திறமை காட்டியும், வீட்டில் இருந்தவர்களுக்குப் பதவி உயர்வு கிடைத்தது குறைவு. வேலை தெரிந்தது, வேலை செய்தவர் தெரியவில்லை.

அதே பரிசோதனையில் இன்னொரு பாடமும் உண்டு. ஒன்பது மாதம் முடிந்ததும் வீடா அலுவலகமா என்று மறுபடி தெரிவு செய்யச் சொன்னபோது, பாதிக்கு மேற்பட்டோர் தங்கள் தெரிவை மாற்றிக்கொண்டார்கள். அவரவர்க்குப் பொருந்திய இடத்துக்குப் போன பின்னர், கிடைத்த பலன் 13 வீதத்திலிருந்து 22 வீதமாக உயர்ந்தது. தனக்கு எது ஒத்துவரும் என்பது ஒருவருக்குச் செய்து பார்த்த பிறகுதான் தெரிகிறது. ஆகவே ஒருமுறை எடுத்த முடிவை மாற்றிக்கொள்ள வழி இருக்க வேண்டும்.

கலப்பு முறை பலன் தருமா?

தரும். அதே பேராசிரியர் குழு, அதே நிறுவனத்தில் 1,612 ஊழியர்களிடம் நடத்திய பெரிய ஆய்வு 2024 யூன் மாதம் ‘நேச்சர்’ சஞ்சிகையில் வெளிவந்தது. இம்முறை வாரத்தில் இரண்டு நாள் வீடு, மூன்று நாள் அலுவலகம். வேலையை விட்டு விலகியோர் தொகை மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. இரண்டு வருடங்கள் தொடர்ந்து கவனித்தும் வேலைத்திறனிலோ பதவி உயர்விலோ குறைவு தெரியவில்லை. பெண்கள், முகாமையாளர் பதவியில் இல்லாதவர்கள், வேலைக்கு நெடுந்தூரம் பயணிப்பவர்கள் ஆகியோரிடமே விலகல் மிகவும் குறைந்தது. நம் மேற்கு சிட்னிக் குடும்பங்களுக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ரயில் நிலையம் இல்லாத மேய்ஸ் ஹில் போன்ற இடத்திலிருந்து முதலில் வெஸ்ட்மீட்டுக்கோ பரமட்டாவுக்கோ போய், அங்கிருந்து நகரத்துக்கு ரயில் எடுப்பவருக்கு, வீட்டிலிருக்கும் ஒரு நாள் பிள்ளையோடு இருக்கும் இரண்டு மணித்தியாலம்.

முதல் ஆய்வில் பதவி உயர்வு குறைந்தது, இரண்டாவதில் குறையவில்லை. முதல் ஆய்வில் நான்கு நாள் வீடு, ஒரு நாள் மட்டும் அலுவலகம். இரண்டாவதில் மூன்று நாள் எல்லோரும் முகம் பார்த்தார்கள். வேலையின் தன்மையும் வேறுதான். ஆனாலும் ஒழுங்காகச் சந்திக்கும் நாட்கள் இருப்பது உதவும் என்று எண்ண இது இடமளிக்கிறது.

வானொலி நடத்திய பள்ளிக்கூடம்

தூரத்தில் இருப்பவர்களை ஓர் அணியாக்கும் கலையை அவுஸ்திரேலியா முன்பே கற்றிருக்கிறது. அதைக் கற்றுக்கொடுத்தது வானொலி என்பதில் நமக்கும் ஒரு பெருமை. 1928 இல் ஜோன் ஃப்ளின் என்ற பாதிரியார் குவீன்ஸ்லாந்தின் குளொன்கறியில் பறக்கும் வைத்திய சேவையைத் தொடங்கினார். மின்சாரம் இல்லாத பண்ணை வீடுகளிலிருந்து வைத்தியரை அழைப்பதற்கு, காலால் மிதித்து மின் எடுக்கும் வானொலிக் கருவியை அல்ஃபிரட் டிரேகர் உருவாக்கினார். அதே வலையமைப்பைப் பயன்படுத்தி 1951 யூன் மாதம் அலிஸ் ஸ்பிரிங்ஸில் ‘வானலைப் பள்ளிக்கூடம்’ ஆரம்பமானது. யோசனை அடிலெய்ட் மீத்கே என்ற கல்வியாளருடையது.

அந்தப் பள்ளிக்கூடம் இன்றும் நடக்கிறது. வானொலிக்குப் பதிலாகச் செய்மதி இணையம் வந்துவிட்டது. ஆனால் நடைமுறை அதேதான். பாடப்பொருட்கள் முன்கூட்டியே வீட்டுக்கு அனுப்பப்படும். வீட்டில் ஒரு பெரியவர் பிள்ளைக்குத் துணையாக இருப்பார். நேரடி வகுப்பு குறுகிய நேரம்தான். அதில் ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கிடுவதில்லை. ஆசிரியர்கள் பிள்ளைகளின் வீடுகளுக்கு நேரே போகிறார்கள். வருடத்தில் சில தடவை பிள்ளைகள் எல்லோரும் நகரத்துக்கு வந்து ஒன்றாகப் படித்து ஒன்றாக விளையாடுகிறார்கள். சந்திப்புகள் குறைவு, ஆனால் ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு, திகதி உண்டு. இந்த நடைமுறையில் நம் அலுவலகங்கள் எடுத்துக்கொள்ள நிறைய இருக்கிறது.

நடைமுறையில் என்ன செய்யலாம்?

முதலாவது, நாட்களை ஒன்றுசேர்த்து முடிவு செய்யுங்கள். ஒருவர் திங்கள், இன்னொருவர் புதன் என்று தனித்தனியே வந்தால், 23 கிலோமீற்றர் பயணம் செய்து வந்து வெறும் மேசைகளுக்கு நடுவே அமர்ந்து, வீட்டில் இருப்பவர்களோடு கணினி வழியே பேச வேண்டியதாகிவிடும். வாரத்தில் ஒரு நாளாவது முழு அணியும் வரட்டும். அந்த நாளை மின்னஞ்சல் பார்ப்பதற்குச் செலவிடாதீர்கள். சிக்கலான பிரச்சினையைப் பேசுவது, புதியவருக்குச் சொல்லிக்கொடுப்பது, ஒன்றாகச் சாப்பிடுவது போன்றவற்றுக்கு அது பயன்படட்டும்.

இரண்டாவது, கூட்டங்களில் எல்லோரும் சமமாக இருக்கட்டும். ஐந்து பேர் அறையிலும் இரண்டு பேர் திரையிலும் இருந்தால், அறையில் இருப்பவர்கள் தங்களுக்குள் பேசிச் சிரிப்பார்கள், திரையில் இருப்பவர்களுக்குப் பாதி கேட்காது. திரையில் இருப்பவர்களை முதலில் பேச அழையுங்கள். பேசுபவர் தன் பெயரைச் சொல்லிப் பேசட்டும். வானொலியில் நாம் செய்வதுதான்: முகம் தெரியாத நேயருக்கும் யார் பேசுகிறார்கள் என்று விளங்க வேண்டும். முக்கியமான கூட்டமென்றால் அறையில் இருப்பவர்களும் தத்தமது கணினி வழியே இணைவது நல்லது.

மூன்றாவது, முடிவுகளை எழுதி வையுங்கள். அலுவலக நடைபாதையில் எடுத்த முடிவு வீட்டில் இருப்பவருக்கு எட்டாது. என்ன முடிவு, ஏன், யார் செய்வது, எப்போது முடிப்பது என்ற நான்கு வரி போதும். ஆங்கிலம் இரண்டாம் மொழியாக உள்ளவர்களுக்கு இது பெரிய உதவி. வேகமாகப் பேசும் கூட்டத்தில் தவறவிட்டதைப் பிறகு நிதானமாக வாசித்து, தன் கருத்தையும் தெரிவிக்கலாம்.

நான்காவது, புதியவரைத் தனியே விடாதீர்கள். ஓர் உதாரணத்துக்கு, யாழ்ப்பாணத்திலிருந்தோ மதுரையிலிருந்தோ வந்து, இந்நாட்டில் முதல் வேலையில் சேரும் ஒரு இளம் பெண்ணை எண்ணிப் பாருங்கள். யாரிடம் என்ன கேட்பது, ‘பரவாயில்லை’ என்று மேலதிகாரி சொன்னால் அது பாராட்டா குறையா, மதியம் எல்லோரும் எங்கே போகிறார்கள் என்பதெல்லாம் எந்தக் கைநூலிலும் இருக்காது. பக்கத்தில் இருந்து பார்த்துப் பழக வேண்டியவை அவை. முதல் மூன்று மாதம் அவர் கூடுதலான நாட்கள் அலுவலகம் வருவதும், அதே நாட்களில் அனுபவமுள்ள ஒருவர் அவர் அருகில் இருப்பதும் அவசியம். அவரை மட்டும் வரச்சொல்லிவிட்டு மூத்தவர்கள் எல்லோரும் வீட்டில் இருந்தால் பயனில்லை.

ஐந்தாவது, செய்து முடித்த வேலையை அளவிடுங்கள், இருக்கையில் இருந்த நேரத்தை அல்ல. முகாமையாளர் ஒவ்வொருவருடனும் பதினைந்து நாளுக்கு ஒரு தடவையாவது தனியாகப் பேச வேண்டும். பதவி உயர்வு, நல்ல பொறுப்பு, பயிற்சி ஆகியவற்றை வழங்கும்போது ‘இவரை நான் அடிக்கடி காண்கிறேன் என்பதற்காகத் தெரிவு செய்கிறேனா’ என்று தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டும். வீட்டிலிருப்பவரும் தன் பங்குக்கு, வார முடிவில் தான் முடித்தவற்றைச் சுருக்கமாக எழுதி அனுப்புவது நல்ல பழக்கம். இது தற்பெருமை அல்ல. நம்மவர்கள் பலர் ‘வேலை பேசும், நான் ஏன் பேச வேண்டும்’ என்று இருந்துவிடுகிறோம். மேலே சொன்ன ஷங்காய் ஆய்வு அது போதாது என்று காட்டுகிறது.

ஆறாவது, நேர வித்தியாசத்தின் சுமையைப் பகிருங்கள். சிட்னிக்கும் சென்னைக்கும் குளிர்காலத்தில் நாலரை மணித்தியாலம், ஒக்டோபர் முதல் ஞாயிறு தொடக்கம் ஏப்ரல் முதல் ஞாயிறு வரை ஐந்தரை மணித்தியாலம். சிட்னியின் காலை ஒன்பது மணிக் கூட்டம் கோடையில் சென்னையின் அதிகாலை மூன்றரை மணி. ஒரே பக்கத்தினர் எப்போதும் தூக்கத்தை விட வேண்டும் என்பது நியாயமல்ல.

மெல்பேர்ணில் இருப்பவர் திரையில் பேசத் தயங்குவதும், அலுவலகத்தில் இருப்பவர் கேள்வி கேட்கப் பயப்படுவதும் ஒரே நோயின் இரண்டு அறிகுறிகள். கூகிள் நிறுவனம் 2012 இல் தொடங்கி 180 அணிகளை ஆராய்ந்தது. அணியில் யார் யார் இருக்கிறார்கள் என்பதை விட, பிழையை ஒத்துக்கொண்டாலும் தெரியாததைக் கேட்டாலும் அவமானப்பட நேராது என்ற நம்பிக்கையே நல்ல அணியின் முதல் அடையாளம் என்று கண்டது. அதைக் கட்டியெழுப்புவதில் தலைமை தாங்குபவருக்குப் பெரிய பொறுப்பு உண்டு. ‘இது எனக்குத் தெரியவில்லை’ என்று அவர் முதலில் சொன்னால், மற்றவர்களுக்கும் சொல்ல வாய் வரும்.

இன்னொரு வழியும் உண்டு

வீடு, தலைமை அலுவலகம் என்ற இரண்டே தெரிவுகள்தான் இருக்க வேண்டுமென்பதில்லை. தமிழ்நாட்டில் சோஹோ நிறுவனம் சென்னைக்கு வெளியே, தென்காசியில் 2011 இல் ஒரு சிறிய அலுவலகத்தை ஆரம்பித்தது. அதன் நிறுவுநர்களுள் ஒருவரான ஸ்ரீதர் வேம்பு தாமே அந்தப் பகுதிக் கிராமத்துக்குக் குடிபெயர்ந்தார். கொவிட் காலத்தில் ஊர்களுக்குத் திரும்பிய ஊழியர்களுக்காக மேலும் பல சிற்றூர்களில் சிறிய அலுவலகங்கள் திறக்கப்பட்டன. ஊழியர் பெற்றோருக்குப் பக்கத்தில் இருக்கிறார், ஆனால் தனியாக இல்லை. பக்கத்து மேசையில் சகபாடி இருக்கிறார். சிட்னியிலும் பரமட்டா போன்ற இடங்களில் கிளை அலுவலகம் வைத்திருக்கும் நிறுவனங்கள், ‘நகர மத்திக்குத்தான் வர வேண்டும்’ என்பதைக் கொஞ்சம் தளர்த்தினால் எவ்வளவோ வசதி.

சட்டம் என்ன சொல்கிறது?

நேயர்கள் அறிந்திருக்க வேண்டிய உரிமைகள் சில உண்டு. 2009 ஆம் ஆண்டின் நியாயமான வேலைச் சட்டப்படி, ஒரே இடத்தில் 12 மாதங்களாவது வேலை செய்தவர்களில், பாடசாலை வயதுப் பிள்ளையோ அதற்கும் சிறிய பிள்ளையோ உள்ள பெற்றோர், முதியவரையோ நோயாளரையோ பராமரிப்பவர், மாற்றுத்திறனாளி, 55 வயதோ அதற்கு மேலோ ஆனவர், கர்ப்பிணி, குடும்ப வன்முறைக்கு ஆளானவர் ஆகியோர் நெகிழ்வான வேலை ஒழுங்கைக் கோரலாம். கோரிக்கை எழுத்தில் இருக்க வேண்டும், காரணமும் சொல்ல வேண்டும். தொழில் தருநர் 21 நாட்களுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும். மறுப்பதானால் முதலில் உங்களோடு கலந்து பேச வேண்டும். நியாயமான தொழில்சார் காரணமும் வேண்டும். 2023 யூன் 6 முதல், இணக்கம் ஏற்படாவிட்டால் நியாயமான வேலை ஆணைக்குழுவிடம் போகலாம்.

இது வெறும் காகித உரிமையல்ல. 2025 ஒக்டோபரில், இரண்டு சிறு பிள்ளைகளைப் பாடசாலைக்கு அழைத்துச் செல்ல வேண்டிய வெஸ்ட்பக் வங்கி ஊழியர் ஒருவர், வீட்டிலிருந்து வேலை செய்யக் கோரிய வழக்கில் ஆணைக்குழு அவருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. வங்கி காட்டிய காரணம் போதாது என்பதோடு, சட்டம் சொன்ன நடைமுறையையும் அது பின்பற்றவில்லை என்பது முடிவு.

வேலை நேரத்துக்குப் பின் வரும் அழைப்புக்கு நியாயமாகப் பதில் சொல்லாதிருக்கும் உரிமை 2024 ஓகஸ்ட் 26 முதலும், 15 பேருக்குக் குறைவான சிறு நிறுவனங்களில் 2025 ஓகஸ்ட் 26 முதலும் நடைமுறைக்கு வந்தது. நியூ சவுத் வேல்ஸில் ஊழியரின் கணினியைக் கண்காணிப்பதானால் 14 நாட்களுக்கு முன் அறிவிக்க வேண்டும் என 2005 ஆம் ஆண்டின் சட்டமொன்று சொல்கிறது. சட்டம் அனுமதித்தாலும், ஒவ்வொரு விசைத் தட்டலையும் எண்ணும் நிறுவனத்தில் நம்பிக்கை வளராது.

அரசுகளும் ஒரே திசையில் போகவில்லை. நியூ சவுத் வேல்ஸ் அரசு 2024 ஓகஸ்டில் தன் ஊழியர்கள் பிரதானமாக வேலைத்தலத்திலேயே இருக்க வேண்டும் என்று சுற்றறிக்கை விட்டது. அடுத்த வருடம் அதே மாதம் விக்ரோறியா அரசோ, முடிந்தவர்களுக்கு வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை செய்யும் உரிமையைச் சட்டமாக்கப் போவதாக அறிவித்தது. விவாதம் ஓயவில்லை. ஆனால் எந்தச் சட்டமும் ஓர் அணியை உருவாக்கித் தராது.

மேய்ஸ் ஹில் முருகன் கோயிலில் தேருக்கு வடம் பிடிப்பவர்களை எல்லோரும் பார்க்கிறார்கள். மடைப்பள்ளியில் நிற்பவரையும், வீட்டிலிருந்தபடி மாலை கட்டியவரையும், கணக்கு எழுதியவரையும் பார்ப்பவர் குறைவு. ஆனால் அவர்களின்றித் திருவிழா நடக்காது என்பது நிர்வாகத்தில் இருந்த எவருக்கும் தெரியும். தமிழ்ப் பாடசாலை, பழைய மாணவர் சங்கம், வானொலி நிலையம் என்று நாம் தொண்டு செய்யும் இடங்களிலும் இதே கலப்பு முறைதான் நெடுங்காலமாக நடக்கிறது. அங்கே பழகிய பொறுமையையும், கண்ணுக்குத் தெரியாதவரை நினைத்து நன்றி சொல்லும் பழக்கத்தையும் அலுவலகத்துக்குக் கொண்டுபோவதில் தவறில்லை.

இந்த வாரம் உங்கள் அணியில் நீங்கள் கடைசியாக எப்போது பேசினீர்கள் என்று நினைவில்லாத ஒருவர் இருப்பார். வேலைக் காரணம் எதுவும் இல்லாமலே அவரை ஒரு தடவை அழைத்துப் பேசுங்கள். உங்கள் வேலைத்தலத்தில் எது பலன் தந்தது, எது தரவில்லை என்பதையும் நிலையத்துக்கு எழுதி அனுப்புங்கள். பயனுள்ளவற்றை வரும் மாதங்களில் மற்ற நேயர்களோடு பகிர்ந்துகொள்வோம்.